வரிசை எந்தப் பெட்டியில் நிற்கிறது?

ஆச்சிக்கு 78 வயது. கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு கிராமம். முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிற பெரிய வீடு. அதில் இப்போது நிரந்தரமாக இருப்பவர் அவர் ஒருவர்தான். மகன் சிங்கப்பூரில். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மகன் வீடியோவில் கூப்பிடுவார். அங்கே அப்போது இரவு ஒன்பதரை. ஆச்சி ஆறே முக்காலுக்கே முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, வளவில் முற்றத்தை ஒட்டிய தூணுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

நான் அந்த வீட்டுக்குப் போனது வேறு வேலையாக. காரைக்குடியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலைகள் செய்கிறேன். வீட்டின் பங்காளிகள் ஒன்றுசேர்ந்து, மேல்மாடிப் பெட்டகத்தில் கிடந்த பழைய கணக்குகளை ஸ்கேன் செய்து வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். பர்மாவில் இருந்த கடையின் பேரேடுகள், வட்டிச்சிட்டைகள், ஐந்தொகைத் தாள்கள். 1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது விட்டுவிட்டு வந்தவை போக, கையோடு வந்து சேர்ந்தவை. தாள் பொடிப்பொடியாக உதிர்கிற நிலையில் இருந்தது. ஒரு பக்கம் ஸ்கேன் செய்தால் சுமார் 40 எம்பி. ஒரு நாளைக்கு நூறு பக்கம் முடிந்தால் 4 ஜிபி. அதை அன்றன்றைக்கே மேலே, கிளவுடில் ஏற்றிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. பங்காளிகள் ஐந்து நாடுகளில் இருக்கிறார்கள். அவரவர் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தெருவுக்கு அப்போது ஃபைபர் வரவில்லை. மாடி ஜன்னலில் ஒரு 4ஜி சிம் ரவுட்டர். சிக்னல் அங்கேதான் கிடைத்தது. அங்கிருந்து கேபிள் இறக்கி, வளவில் ஒரு வைஃபை பெட்டி வைத்திருந்தார்கள். கீழே சுவர்கள் இருக்கிற கனத்துக்கு, வீட்டின் ஒரு கட்டுக்குள் வைத்த வைஃபை அடுத்த கட்டுக்குப் போகாது.

நான் வேலையைத் தொடங்கிய நான்காம் நாள் ஆச்சி கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, நீங்க வந்ததுலேருந்து அவன்கூடப் பேசவே முடியல. நான் ஒண்ணு கேட்டா, அதுக்கு முந்தி கேட்டதுக்குப் பதில் சொல்றான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசிடுறோம். அப்புறம் ரெண்டு பேருமே பேசாம இருக்கோம்.”

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தாமதம் என்பதை இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. வேகம் குறைவு என்று அவர் சொல்லவில்லை. படம் மங்கல் என்று சொல்லவில்லை. பதில், கேள்விக்குப் பின்னால் ஒரு கேள்வி தள்ளி வருகிறது என்றார். அதை நான் அன்றே முழுதாகக் காதில் வாங்கியிருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

வாங்கவில்லை. லைன் பத்தவில்லை என்றே நினைத்தேன். சிம் கம்பெனிக்கு மூன்று தடவை போன் செய்தேன். பெரிய பிளானுக்கு மாற்றினோம். டவுன்லோடு கொஞ்சம் கூடியது. ஏழு மணிப் பேச்சு அப்படியே இருந்தது.

பிறகுதான் உட்கார்ந்து அளந்தேன். அப்லோடை நிறுத்திவிட்டு, வெளியில் ஒரு சர்வருக்குப் பிங் போட்டால், அதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளந்தால், 50 மில்லி வினாடியில் திரும்பி வந்தது. அப்லோடைத் தொடங்கினேன். 50 என்பது 200 ஆனது, 700 ஆனது, பத்து வினாடிக்குள் 1,850-ல் போய் நின்றது. நிறுத்தினேன், இரண்டே வினாடியில் மறுபடி 50. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே ஏற்றம், அதே இறக்கம்.

இந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அப்லோடு வேகம் 3 எம்பிபிஎஸ், அதாவது வினாடிக்கு 30 லட்சம் பிட். கூடுதலாக ஆன நேரம் 1.8 வினாடி. இரண்டையும் பெருக்கினால் 54 லட்சம் பிட், அதாவது 6.75 லட்சம் பைட். நெட்டில் எதுவும் பாக்கெட் என்கிற சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும். ஒரு பாக்கெட் 1,500 பைட் என்று வைத்தால் 450 பாக்கெட். வழியில் எங்கோ ஓர் இடத்தில் 450 பாக்கெட் வரிசையில் நிற்கிறது. ஆச்சியின் குரலைச் சுமந்த சின்னப் பாக்கெட், பர்மாக் கணக்கின் 450 பாக்கெட்டுகளுக்குப் பின்னால் நின்று, முறை வந்தபோது போகிறது.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 2002-ல் போட்ட கேபிள் ஒன்று இருக்கிறது. சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அந்தக் கணக்கில், கடலைத் தாண்ட 16 மில்லி வினாடி போதும். மாடி ஜன்னலைத் தாண்ட 1,800 ஆகிறது. தொலைபேசிப் பேச்சுக்கு ஒரு திசைத் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டவே கூடாது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. நாங்கள் அதைப்போல நான்கு மடங்குக்கும் மேலே இருந்தோம்.

இதற்குப் பெயரும் உண்டு. அமெரிக்க மென்பொருள் வல்லுநர் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் இதே கூத்தைப் பார்த்துவிட்டு, 2010-11 வாக்கில் ‘பஃபர்ப்ளோட்’ என்ற பெயரில் ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். மெமரி விலை குறையக் குறைய, பாக்கெட் ஒன்றுகூட விழக்கூடாது என்று பெட்டி செய்கிறவர்கள் பஃபரை, அதாவது பாக்கெட் காத்து நிற்கிற இடத்தை, பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். கோப்புகளை அனுப்பும் வேகத்தைத் தீர்மானிப்பது டிசிபி என்கிற விதிமுறை. பாக்கெட் விழுந்தால்தான் டிசிபிக்கு ‘வழி நிரம்பிவிட்டது, மெதுவாகப் போ’ என்று தெரியும். விழாவிட்டால் அது அனுப்பிக்கொண்டே இருக்கும். பஃபர் தளும்பும்வரை நிரப்பும். நிரம்பியதை நிரம்பியபடியே வைத்திருக்கும்.

சரி, வரிசை இருக்கிறது. எங்கே இருக்கிறது?

லினக்ஸ் லேப்டாப்பில், வரிசைகளைக் காட்டுகிற ‘டிசி’ கட்டளையைப் போட்டு, அதன் இன்டர்ஃபேஸ் க்யூவை, அதாவது வெளியே போகக் காத்திருக்கும் வரிசையை, பார்த்தேன். ‘பேக்லாக்’ என்ற இடத்தில் பூஜ்யம். ஐந்து தடவை பார்த்தேன். ஐந்து தடவையும் பூஜ்யம். ‘எஸ்எஸ்’ கட்டளையில், அப்லோடு நடக்கிற இணைப்பின் (சாக்கெட்) அனுப்பும் க்யூவைப் பார்த்தால் லட்சக்கணக்கில் பைட். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அனுப்பியாயிற்று, சேர்ந்ததற்கு ரசீது இன்னும் வரவில்லை என்கிற பைட்டையும் அது தன் கணக்கிலேயே வைத்திருக்கும். எனக்கு இரண்டு நாள் இந்தப் பூஜ்யத்திலேயே போனது. இன்டர்ஃபேஸ் க்யூ காலி, ஆனால் 450 பாக்கெட் எங்கோ நிற்கிறது.

விஷயம் எளிமையானது. வரிசை எப்போதும் வழி குறுகும் இடத்துக்கு நேர் முன்னால்தான் நிற்கும். என் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கிற கேபிள் 1 ஜிகாபிட். லேப்டாப் தன்னிடம் இருப்பதைக் கண் இமைக்கும் நேரத்தில் தள்ளிவிடும். அதனிடம் வரிசை சேரவே சேராது. சிம் ரவுட்டருக்கு ஒரு பக்கம் ஜிகாபிட் வாசல், மறுபக்கம் 3 எம்பிபிஎஸ் ரேடியோ. வரிசை அதன் வயிற்றுக்குள். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வழியில்லை. அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் சிக்னல் பலம் தெரியும், இன்று எத்தனை ஜிபி என்று தெரியும்; எத்தனை பாக்கெட் நிற்கிறது என்று தெரியாது. தெரிந்தாலும், யாரை முன்னால் விடுவது என்று அதனிடம் சொல்ல முடியாது.

நம் கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு நூறு இலை. பந்தி விசாரிக்கிறவர் விவரம் தெரிந்தவராக இருந்தால், அடுத்த பந்திக்காரர்களை முகப்பிலேயே உட்கார வைத்துவிடுவார். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். வயசாளியும் கைக்குழந்தைக்காரியும் வந்தால், “நீங்க வாங்க ஆச்சி” என்று முதலில் அழைத்துப்போவார். அவர் இல்லாவிட்டால் எல்லோரும் கூடத்துக்குள்ளேயே வந்து, சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். இலை எண்ணிக்கை அதே நூறுதான். சாப்பிடுகிற வேகமும் அதேதான். ஆனால் அந்த நெரிசலுக்குள் போய் யாரையும் எடுத்து முன்னால் உட்கார வைக்க முடியாது.

ஆக, நான் செய்ய வேண்டியது, வரிசையைக் கூடத்திலிருந்து முகப்புக்குக் கொண்டுவருவது. சிம் ரவுட்டருக்கு முன்னால் என் கையில் இருக்கிற ஒரு பெட்டியை வைத்து, அது லைன் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே அனுப்பும்படி கட்டிவிட வேண்டும். லைன் 3 என்றால் நான் 2.6 தான் விடுவேன். அப்போது குறுகலான இடம் என் பெட்டியாகிவிடும். வரிசை அங்கே வந்து நிற்கும். அங்கே டிசி எண்ணிச் சொல்லும். பத்து, பதினைந்து சதவீத வேகம் போகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. போகட்டும் என்பேன். அந்தப் பதினைந்து சதவீதத்தைக் கொடுத்து வாங்குவது, ஒரு அம்மாவும் மகனும் பேசிக்கொள்வதை.

வீட்டில் கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றில், ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டியை ஏற்றினேன். எச்டிபி என்பது வேகத்தை அளந்து விடுகிற பகுதி. அதன் கீழே, வரிசையைக் கவனித்துக்கொள்கிற எஃப்க்யூ-கோடெல். இது லினக்ஸ் 3.5-ல், 2012-ல் வந்தது. எரிக் டுமாசே எழுதியது. இதில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது, இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தவை.

முதலாவது, ஒரே வரிசையாக வைக்காமல் ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு தனி வரிசை. சாதாரணமாக 1,024 வரிசை. ஸ்கேன் கோப்பு ஒரு வரிசையில், ஆச்சியின் குரல் வேறு வரிசையில். குரல் வரிசையில் எப்போதோ ஒரு சின்னப் பாக்கெட் வரும், அதற்கென்று காத்துக் கிடக்கிற கூட்டம் இல்லை, வந்ததும் போய்விடும். ‘இது குரல், இதை முன்னால் விடு’ என்று யாரும் அடையாளம் ஒட்டத் தேவையில்லை. கொஞ்சமாகக் கேட்கிறவருக்குத் தானாகவே முதல் இடம் கிடைக்கிறது.

இரண்டாவது, கோடெல். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் வெளியிட்டது. வரிசை நீளமாக இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை; நீளமாகவே நின்றுவிட்டதா என்று பார்க்கிறது. அந்த வீட்டு முற்றத்தில் மழை பெய்வதைப் பார்த்திருந்தால் இது உடனே விளங்கும். ஐப்பசியில் நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் கொட்டும்போது முற்றத்தில் முழங்கால் பாதிவரை ஏறும். அது பிரச்சினையே இல்லை. அதற்காகத்தான் முற்றத்தைத் தாழ்த்திக் கட்டினார்கள். மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். மழை விட்ட பிறகும் தண்ணீர் நின்றால்தான், போகிற வழியைப் பார்க்க வேண்டும். கோடெல் 100 மில்லி வினாடி நேரத்துக்கு வரிசையைக் கவனிக்கும். அந்த நேரத்துக்குள் காத்திருப்பு ஒரு தடவையாவது 5 மில்லி வினாடிக்குக் கீழே இறங்கினால், வந்தது மழை, வடிந்துவிட்டது என்று விட்டுவிடும். இறங்கவே இல்லை என்றால் அது தேங்கிய தண்ணீர். ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போடும். அனுப்புகிறவருக்கு ஒரு குறிப்பு. இன்னும் தேங்கினால் இன்னும் அடிக்கடி போடும்.

பாக்கெட்டை வேண்டுமென்றே தூக்கிப் போடுவது என்றால் புதிதாக வருகிற பையன்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு நான் 1986 அக்டோபரைச் சொல்வேன். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் 400 கெஜம்தான் தூரம். அந்த லைனில் வினாடிக்கு 32 ஆயிரம் பிட் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று 40 பிட்டாகச் சரிந்தது. எல்லோரும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், போய்ச் சேராததைத் திரும்பவும் அனுப்பினார்கள், வழி முழுக்க அடைந்துபோனது. அதை ஆராய்ந்து, பாக்கெட் விழுந்தால் வேகத்தைக் குறை என்று டிசிபிக்குள் ஒழுங்கு கொண்டுவந்தவர் இதே வான் ஜேக்கப்சன்தான். 1988-ல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். விழுகிற பாக்கெட் ஒரு செய்தி. அந்தச் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

பெட்டியை வைத்தேன். 2.6-ல் கட்டினேன். அன்று மாலை ஏழு மணிக்கு அப்லோடை நிறுத்தாமலே ஆச்சி பேசினார். பிங் 60-ஐத் தாண்டவில்லை.

இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் மறுபடி அதே கதை. 4ஜி லைன் நிலையாக நிற்காது. அதிகாலையில் 8 எம்பிபிஎஸ் போகும். ஊரே வீடு திரும்பி போனை எடுக்கிற ஏழு மணிக்கு 3. சில நாள் 2 கூட வராது. லைன் 2-க்கு இறங்கிய அன்று என் 2.6 கட்டுப்பாடு வீண்; வரிசை மறுபடி சிம் ரவுட்டருக்குள் போய்விட்டது. பயந்து 1.5-ல் கட்டினால், அதிகாலையில் 8 போகக்கூடிய லைனில் 1.5 தான் போகும். 4 ஜிபி ஏற ஆறு மணி நேரம் ஆகும். ஒரே எண்ணைக் கட்டிவைத்தால் ஏதாவது ஒரு வேளையில் அது தப்பாகத்தான் இருக்கும்.

ஆகவே, க்யூவைப் பார்த்துப் பார்த்து வேகத்தை மாற்றுகிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

அதில் நான் செய்த முதல் தவறு, பாக்கெட்டை எண்ணியது. பேக்லாக் 40 பாக்கெட் என்றால் அது அதிகமா, குறைவா? சொல்ல முடியாது. 8 எம்பிபிஎஸ் லைனில் 40 பாக்கெட் 60 மில்லி வினாடியில் போய்விடும்; 2-ல் 240 ஆகும். போதாக்குறைக்கு, லினக்ஸ் பல பாக்கெட்டை ஒன்றாகச் சேர்த்து 64 கேபி வரைக்கும் ஒரே பொட்டலமாக நகர்த்தும். கணக்கில் அது ஒரு பாக்கெட். உண்மையில் நாற்பதுக்கும் மேல். பாக்கெட் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பது, மூட்டையின் எடை தெரியாமல் மூட்டையை எண்ணி விலை பேசுகிற மாதிரி. பைட்டைத்தான் பார்க்க வேண்டும். பைட்டையும் அப்படியே வைத்துக்கொள்ளாமல், வேகத்தால் வகுத்து நேரமாக்க வேண்டும். 60,000 பைட் நிற்கிறது, வேகம் 4 எம்பிபிஎஸ் என்றால் 120 மில்லி வினாடி. இதுவே 1 எம்பிபிஎஸ் என்றால் கிட்டத்தட்ட அரை வினாடி. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதியின் இன்னொரு முகம்தான் இது. வங்கி வரிசைக்கும் இதே கணக்கு, பாக்கெட்டுக்கும் இதே கணக்கு.

இரண்டாவது தவறு, அவசரம். 200 மில்லி வினாடிக்கு ஒரு தடவை பார்த்து, பிங் ஏறியிருந்தால் வேகத்தைப் பாதியாக வெட்டும்படி எழுதியிருந்தேன். லைன் 4-லிருந்து 3-க்கு இறங்கியதும் சிம் ரவுட்டரில் வரிசை சேரும். ஸ்கிரிப்ட் வேகத்தை 2 ஆக்கும். அது சரிதான். ஆனால் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட வரிசை வடிய ஒரு வினாடியாவது வேண்டும். அதற்குள் ஸ்கிரிப்ட் நாலைந்து தடவை பார்த்துவிடும். இன்னும் பிங் இறங்கவில்லையே என்று 1 ஆக்கும், அரை ஆக்கும், கால் ஆக்கும். அப்புறம் வரிசை வடிந்ததும் கிடுகிடுவென்று ஏற்றும். பணியாரச் சட்டியில் எண்ணெய் அதிகமாகக் காய்ந்துவிட்டது என்று விறகை இழுத்தால், எண்ணெய் ஆறக் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். உடனே ஆறவில்லை என்று எல்லா விறகையும் இழுத்தால் அடுப்பே அணைந்துவிடும். இப்போது ஒரு தடவை வெட்டினால் இரண்டு வினாடிக்கு ஸ்கிரிப்ட் எந்த முடிவும் எடுக்காது. வெட்டுவதும் பாதி இல்லை, 15 சதவீதம்தான். ஏற்றுவது அரை வினாடிக்கு 100 கேபிபிஎஸ் வீதம். மெல்ல ஏறு, சட்டென்று பெருக்கலில் இறங்கு என்ற இந்த முறைக்கு 1989-லேயே சியூவும் ஜெயினும் கணக்கு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பலர் ஒரு வழியைப் பகிரும்போது பங்கு சமமாவது இந்த முறையில்தான்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் ஆனது. பிங்கை மட்டும் பார்த்தால் போதாது, க்யூவை மட்டும் பார்த்தாலும் போதாது. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். என் பெட்டியின் க்யூவில் பாக்கெட் நிற்கிறது, பிங் இயல்பாக இருக்கிறது என்றால், வரிசை என் கையில் இருக்கிறது, லைனில் இன்னும் இடம் இருக்கலாம், கொஞ்சம் ஏற்று. பிங் அடிப்படை அளவைவிட 40 மில்லி வினாடி கூடிவிட்டது, அனுப்புவதும் கட்டிவைத்த வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றால், வரிசை மாடி ஜன்னலுக்குப் போய்விட்டது, வெட்டு. என் க்யூ காலி, அனுப்புவதும் சொற்பம், ஆனாலும் பிங் கூடியிருக்கிறது என்றால், அது நம் அப்லோடு செய்த வேலை இல்லை. ரேடியோவில் இரைச்சல் இருக்கலாம், அப்பால் எங்கோ நெரிசல் இருக்கலாம். அதில் கை வைக்காதே. இந்த மூன்றாவது நிலையை எழுதாமல் விட்டிருந்தேன். அதனால் இடி மின்னல் இருந்த ஒரு ராத்திரி முழுக்க யாருமே நெட்டைத் தொடாதபோது ஸ்கிரிப்ட் வேகத்தை வெட்டி வெட்டி அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தது.

அடிப்படை அளவையும் ஒரே எண்ணாக வைக்க முடியாது. 4ஜி-யில் பகலில் 45 இருக்கும், இரவில் 60 இருக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் கண்ட மிகக் குறைந்த பிங்கை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன். வேகத்துக்குக் கீழ் எல்லை 1 எம்பிபிஎஸ், மேல் எல்லை 9.

இதைவிட நன்றாக எழுதிய ஸ்கிரிப்ட் ஏற்கெனவே இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி பயன்படுத்துகிறவர்கள் சேர்ந்து செய்த கேக்-ஆட்டோரேட். 2018-ல் லினக்ஸ் 4.19-ல் வந்த ‘கேக்’, அளந்து விடுவதையும் வரிசை பிரிப்பதையும் ஒன்றாகவே செய்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் கையால் எழுதியதற்குக் காரணம், ஒவ்வொரு எண்ணும் எதற்கு அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். வீட்டில் ஒரு வயதானவர் நம்பி உட்கார்ந்திருக்கும்போது, தெரியாத எண்ணை வைத்துவிட்டுக் காரைக்குடிக்குப் பஸ் ஏற எனக்கு மனசு வரவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கையில் இருக்கிற பெட்டியே நேராக மெதுவான லைனில் இருந்தால், டிசி காட்டுகிற க்யூவுக்குக் கீழே டிரைவரில் இன்னொரு வரிசை உண்டு. முன்பெல்லாம் அது கண்ணுக்குத் தெரியாது. டாம் ஹெர்பர்ட் எழுதிய பைட் க்யூ லிமிட்ஸ் என்ற ஏற்பாடு 2012-ல் லினக்ஸ் 3.3-ல் வந்த பிறகு, அந்த அடி வரிசையும் தேவைக்கு மேல் வளராமல் அடங்கியிருக்கிறது. இப்போது எத்தனை பைட் உள்ளே இருக்கிறது என்பதையும் லினக்ஸின் சிஸ் (/sys) கோப்பகத்தில் படிக்கலாம். எல்லா டிரைவரிலும் இது கிடையாது. பழைய யூஎஸ்பி கார்டு போட்டிருப்பவர்கள் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்கேன் வேலை தை மாதம் முடிந்தது. கடைசி வாரத்தில் ஒரு நாள் ஏழு மணிக்கு ஆச்சி பேசிக்கொண்டிருந்தார். நான் பட்டாலையில் உட்கார்ந்து அன்றைய பேரேட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். திரையில் என் க்யூ 12 மில்லி வினாடியில் நின்றது, பிங் 58. அப்போதுதான் ஏறி முடிந்த பக்கத்தை மகன் அங்கே திறந்திருக்கிறார்.

“ஆத்தா, ஐயா கையெழுத்து தெரியுது. இங்க ஒரு எழுத்து இருக்கு, லை மாதிரி, அது என்ன?”

“எப்படி இருக்கு? காட்டு.”

அவர் பக்கத்தைப் பெரிதாக்கி கேமராவுக்கு நேரே பிடித்தார்.

“அது ஆயிரம்டா. ௲. அதுக்கு முன்னாடி என்ன இருக்கு, மூணா? மூவாயிரம். சரி, அடுத்த வரியப் படி.”

அவர் படிக்கத் தொடங்கினார். ஆச்சி நடுநடுவே திருத்திக்கொண்டிருந்தார்.